நின்ற வண்டி ஓடிய கதை

நம்ம காஞ்சிபுரத்தில் நாலு வருஷம் படித்துவிட்டு, ஒரு தடவையாவது தேர் பார்க்காமல் போனவர் நம் சங்கத்தில் இருக்க முடியாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வரும்போது எல்லார் கண்ணும் மேலே அலங்காரத்தின் மேல்தான் இருக்கும். வடம் பிடிப்பவர்களையும் பார்ப்போம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்துவரும் முட்டுக்கட்டைக்காரர்களை எத்தனை பேர் கவனித்திருப்போம்? இழுப்பதற்கு ஊரே இருக்கிறது. நிறுத்துவது கட்டை போடுகிற அந்தச் சில பேர்தான்!

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோது இந்தக் கட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. மெக்கானிக்கல் படித்து, பிரேக் பாகங்கள் செய்யும் தொழிலில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காலம் தள்ளுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? ஓடுகிற ரயிலை நிறுத்துவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நின்ற ரயிலை நிற்கவைப்பதன் சரித்திரத்தை நம் வாசகர்கள் அவ்வளவாகப் படித்திருக்க மாட்டார்கள்.

நம்ம ஊருக்கு ரயில் வந்தது 1865-ல். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை மூன்றரை அடி அகலத்தில் ஒரு சிறு பாதை போட்டது. அந்தக் கம்பெனி பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874-ல் தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. பாதை மீட்டர் கேஜ் ஆகி, செங்கல்பட்டு வரை நீண்டு, இன்று அகலப் பாதையாக இருக்கிறது. வாலாஜாபாத்தில் புதுக் கார்களைக்கூட ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

முதல் ரயில் நம்ம ஊருக்கு வந்த காலத்தில், உலகம் முழுக்கவே ரயிலை நிறுத்துவது கை பிரேக்கை நம்பித்தான். எஞ்சினில் ஒருவர், கடைசி வண்டியில் கார்டு, நடுவில் சில பிரேக்காரர்கள். விசில் கேட்டதும் ஆளுக்கொரு சக்கரத்தைத் திருகுவார்கள். 1869-ல் அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் செய்ததில் ஒரு குறை. குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தத் தொட்டிக் காற்றே பிரேக்கை அழுத்தும். ஆக, வண்டி இரண்டாக அறுந்தாலும் இரண்டு பாதியும் தானாக நின்றுவிடும். எவ்வளவு அழகான யோசனை!

அதன் அருமை தெரிய அயர்லாந்தில் ஒரு பெரிய துக்கம் நடக்க வேண்டியிருந்தது. 1889 ஜூன் 12. அர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய உல்லாசப் பயண ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் இருந்தது தானியங்கி பிரேக் அல்ல. கழற்றிய பின்பாதிக்கு மிஞ்சியது கார்டு வண்டியின் கை பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த சில கற்களும்தான். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பின்பாதி சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமெண்ட், பயணி ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். "அதான் ஏர் பிரேக் வந்தாச்சே, அப்புறம் என்ன?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காற்று பிரேக் ஓடுகிற வண்டியை நிறுத்தும். விட்டுவிட்டுப் போன வண்டியை ராத்திரி முழுக்கப் பிடித்துவைக்க அதை நம்பக் கூடாது. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரஸர் காற்று கொடுக்கும். எஞ்சினை அணைத்தால் வாஷரிலும் ஹோஸிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கடைசியில் பிரேக் சிலிண்டரே காலியாகிவிடும். அப்புறம் பிடித்துவைப்பது கை பிரேக்கும், சங்கிலியும், கட்டையும்தான். நம் நாட்டில் 1980-களில் கூட்ஸ் வண்டிகள் வாக்கும் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்குக்கு மாறத் தொடங்கின. ரோலர் பேரிங் வேகன்களும் பெருகின. பழைய பேரிங் வண்டியை நகர்த்துவதே பாடு. ரோலர் பேரிங் வண்டியோ சின்னச் சரிவிலும் நழுவப் பார்க்கும். நம் முன்னேற்றமே இந்த அபாயத்தைக் கூட்டிவிட்டது என்பது என் எண்ணம்.

சரிவு என்றதும் மலைப்பாதையை நினைக்க வேண்டாம். 400-க்கு 1 என்ற சரிவு 100 மீட்டருக்கு 25 செண்டிமீட்டர்தான், கண்ணுக்குச் சமதளம். ஆனால் 5,000 டன் வண்டி அதில் நின்றால் அதைக் கீழே இழுக்கும் விசை பன்னிரண்டரை டன்! முதல் வருஷ மெக்கானிக்ஸ் வகுப்பில் போட்ட அதே கணக்குத்தான்.

கனடாவில் லாக்-மெகாண்டிக் என்ற சிற்றூர் இந்தக் கணக்குக்குக் கொடுத்த விலை அதிகம். 2013 ஜூலை 5 ராத்திரி, கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டாங்க் வேகன்கள், 5 எஞ்சின்கள், ஒரே ஒரு ஓட்டுநர். ஊருக்கு மேலே 100-க்கு 1.2 என்ற சரிவில் வண்டியை நிறுத்தி, 7 கை பிரேக் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். கை பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால் எஞ்சினின் காற்று பிரேக்கை விடுவிக்காமலே சோதித்தார். அவர் போன பிறகு எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் முறைப்படி எஞ்சினை அணைத்தார்கள். கம்ப்ரஸரும் நின்றது. ஒரு மணி நேரம் போலக் கழித்து, பத்தாயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மெள்ள நகர்ந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, 6-ம் தேதி அதிகாலை ஊர் நடுவில் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் மாண்டனர். குறைந்தது 17, ஒருவேளை 26 கை பிரேக் வரை தேவைப்பட்டிருக்கும் என்றது விசாரணை அறிக்கை. கம்பெனியின் சொந்த அட்டவணையோ இந்த நீள வண்டிக்கு 9 போதும் என்றிருந்தது. சரிவு எவ்வளவு என்றே அந்த அட்டவணை கேட்கவில்லை! வழக்குத் தொடரப்பட்ட மூன்று ஊழியர்களை 2018 ஜனவரியில் ஜூரி குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. எனக்கு அதில் வியப்பில்லை.

"அதெல்லாம் வெளிநாட்டில்" என்று சொல்ல முடியாமல் 2024 பிப்ரவரி 25 செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜம்முவின் கதுவா ஸ்டேஷனில் ஜல்லி ஏற்றி நின்ற 53 வேகன் கூட்ஸ் வண்டி ஓட்டுநரே இல்லாமல் உருளத் தொடங்கியது. பஞ்சாபுக்குள் நுழைந்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தாண்டி, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, உச்சி பஸ்ஸி அருகே நின்றது. வழியில் லெவல் கிராஸிங்குகளை அடைத்து, பாதையை ஒழித்துக் கொடுத்து, தண்டவாளத்தில் மணல் மூட்டையும் மரக்கட்டையும் போட்டு நிறுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. வண்டியை முறையாகக் கட்டிவைக்காமல் விட்டதுதான் காரணம். ஓட்டுநர் வேலையை இழந்தார். சிலர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அதிர்ஷ்டம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் காலை வேளையில் போனைப் போட்டுக் கேட்டை அடைக்கச் சொன்ன ஊழியர்களை நினைத்தால், முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்ல மனசு வரவில்லை.

விதி இல்லாமலா இப்படி நடந்தது? 1976-ஆம் வருஷத்துப் பொது விதிகளே, ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகள் சரியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்திருக்கின்றன. 100-க்கு 1-ஐவிடக் கடுமையான சரிவு ஸ்டேஷனிலிருந்து வெளியே இறங்கினால், நழுவும் வண்டியை மடக்க ஸ்லிப் ஸைடிங் என்ற தனிப் பாதையும் உண்டு. ஆனாலும் கை பிரேக் என்பது ராத்திரியில் ஜல்லிமேல் தடுமாறி நடந்து, வேகன் வேகனாகத் திருகவேண்டிய வேலை. டியூட்டி முடிந்து கண் சொருகுகிற மனிதரிடம் "போதுமான அளவு போடு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அவருடைய "போதும்" எங்கே நிற்கும்? அவர் தப்பு செய்தால் தண்டிக்கலாம்தான். ஆனால் எத்தனை என்று கணக்குப் போட்டுச் சொல்லவேண்டியது மேஜையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற பொறியாளர்கள்.

லாக்-மெகாண்டிக்குக்குப் பிறகு கனடாக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். எடை ஒரு பக்கம், சரிவு ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு, குறைந்தபட்சம் இத்தனை கை பிரேக் என்று விதியிலேயே எண்ணைப் பதித்தார்கள். அபாயகரமான சரக்கு வண்டிக்கு ஒற்றை ஓட்டுநர் என்ற வழக்கத்தை, விபத்து நடந்த அதே மாதத்திலேயே தடை செய்தார்கள். அட்டவணைப்படி போட்ட பிறகும், எஞ்சின் பிரேக்கை முழுக்க விடுவித்து, கை பிரேக் மட்டும் வண்டியைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தால், இறங்கிப் போய் இன்னும் சிலவற்றைத் திருகிவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும்.