தமிழகப் பந்தயத் தடங்களும் புதியவரின் முதல் ஓட்டமும்

சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் விமான ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பல்லாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. ஆனால் அது விமானத்துக்காகப் போட்ட தளம். பந்தயத்துக்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த சுமார் 3.7 கி.மீ. தடம் 1990இல் திறக்கப்பட்டது. 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

இத்தகைய தடங்களில் பந்தயமில்லா நாள்களில் சொந்த வண்டியை ஓட்டிப் பழகுவதே ‘டிராக் டே’. புதியவர்கள் தனிக் குழுவாக, பயிற்றுநரின் பின்னே மெதுவாகச் சுற்றத் தொடங்குவர். முழுமுகத் தலைக்கவசம், தோல் உடை, கையுறை, பூட்ஸ் கட்டாயம். மஞ்சள் கொடி கண்டால் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி கண்டால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஆற்றல் மிகுந்த வண்டியில் நேர்ப்பாதை எளிது, வளைவே சோதனை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வெளியேறும் திசையைப் பார்த்து, பிறகே படிப்படியாக ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டும்.

தென்காசி மாவட்டத்தில் இத்தகைய தடம் இல்லை. இலஞ்சி இளைஞர் கோவைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். தொலைவுதான், ஆயினும் எதிரே பேருந்தும் ஆடுமாடும் வராத இடத்தில் கற்ற நிதானமே குற்றாலம் சாலையில் உயிரைக் காக்கும்.