தூளியும் தோணியும்: இரு சொற்களின் பயணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற்கும் கனடாவுக்கும் இடைப்பட்ட ஏரிகளில் 'கேனோ' என்னும் இலகுவான தோணியில் செல்லும் பயணிகள் பலர், இரவில் இரு மரங்களுக்கிடையே 'ஹேமக்' என்னும் தூளிப் படுக்கையைக் கட்டி உறங்குகின்றனர். இவ்விரு பெயர்களும் அந்நிலத்தில் பிறந்தவை அல்ல. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து வந்தவை.

1492 அக்டோபரில் கொலம்பஸ், ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணிகளையும் வலை போன்ற பருத்திப் படுக்கைகளையும் தம் பயணக் குறிப்பில் பதிவுசெய்தார். சில ஆண்டுகளுக்குள் நெப்ரிஹாவின் ஸ்பானிய–இலத்தீன் அகராதியில் 'கனோவா' இடம்பெற்றது. ஐரோப்பிய அகராதியில் ஏறிய முதல் அமெரிக்கச் சொல்லாக அது கருதப்படுகிறது. 'ஹமாக்கா' கப்பலேறியது. கப்பலின் ஆட்டத்தோடு இசைந்து ஆடுவதும் பகலில் சுருட்டி வைக்க இயல்வதும் அதனை மாலுமிகளின் படுக்கையாக்கின. டச்சு மொழியினர் அச்சொல்லைத் 'தொங்கும் பாய்' எனப் பொருள்படும் 'ஹங்மட்' ஆக்கிக்கொண்டனர். நாட்டார் சொற்பிறப்பு, சொல்லின் பிறந்தகத்தையே மறைத்துவிட்டது.

சொற்கள் பரவிய அதே காலத்தில் கட்டாய உழைப்பும் பஞ்சமும் பெரியம்மையும் தைனோ மக்களைப் பேரழிவுக்குள்ளாக்கின. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் உளர். மொழியோ பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது.

'கனோவா' வடக்கே சென்றபோது வேறொரு படகின்மீது ஏறி அமர்ந்தது. தேவதாரு வகை மரச்சட்டங்களின்மேல் பிர்ச் மரப்பட்டையைப் போர்த்தி, வேர்களால் தைத்து, ஏரிக்கு ஏரி தோளில் சுமந்து செல்லத்தக்கதாக ஒஜிப்வே மக்கள் அமைத்த அப்படகை அவர்கள் 'ஜீமான்' என்றே அழைத்தனர். இன்றைய கேனோவின் வடிவம் அத்தகைய மரப்பட்டைப் படகுகளுடையது. பெயர் மட்டும் தைனோ மொழியினது.

1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் காட்டுநிலச் சட்டம், மனிதன் தங்காது வந்து செல்லும் விருந்தினனாக மட்டுமே உள்ள இடத்தைக் 'காட்டுநிலம்' என வரையறுத்தது. மினசோட்டாப் பகுதியின் ஏரிகளும் அவ்வரையறைக்குள் வந்தன. ஆயினும் 1854ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் அந்நிலத்தை விட்டுக்கொடுத்த ஒஜிப்வே மக்கள், அங்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தமக்குள்ள உரிமையை நிலைநிறுத்திக்கொண்டிருந்தனர். அவர்கள் அங்கு விருந்தினர் அல்லர்.

ஆளற்ற காட்டைத் தேடிச் செல்லும் பயணி ஏறும் படகும் உறங்கும் படுக்கையும், ஒருகாலத்தில் பிறருடைய அன்றாட வீட்டுப் பொருள்களாக இருந்தவை. சட்டம் கூறாத அவ்வரலாற்றுக்கு அப்பொருள்களும் அவற்றின் பெயர்களுமே சான்றாக நிற்கின்றன.