அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைகளின் தென்மேற்கு விளிம்பில் அமைந்த மழைக்காடு. ‘சைலண்ட் வேலி’ என்றே பரவலாக அறியப்படுகிறது. மையப் பகுதியின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். வடகிழக்கில் தமிழ்நாட்டின் முக்குர்த்தி தேசியப் பூங்கா. நடுவே தெற்கு நோக்கி ஓடும் குந்திப்புழை, தூதப்புழை வழியாகப் பாரதப்புழையில் கலக்கிறது.

தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1847இல் இக்காட்டை ஆராய்ந்தார். 1914இல், மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், இது ஒதுக்குக் காடாக்கப்பட்டது. நாற்புறமும் செங்குத்தான மலைகள், உள்ளே குடியிருப்பு இல்லை. காடு பிழைத்ததற்குச் சட்டத்தைவிட இந்த நில அமைப்பே முதற்காரணம் எனலாம். ஆனால் அதே நில அமைப்புதான் பொறியாளர்களையும் ஈர்த்தது.

குந்திப்புழையில் சைரந்திரி என்னுமிடம் அணைக்கு ஏற்றதென 1928இலேயே குறிக்கப்பட்டிருந்தது. 120 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்குத் திட்டக்குழு 1973இல் ஒப்புதல் அளித்தது. மூழ்கவிருந்தது சுமார் 830 ஹெக்டேர். மொத்தக் காட்டில் அது சிறு பங்குதானே என்றது மின்வாரியத் தரப்பு. மூழ்குவது ஆற்றங்கரைக் காடு. அணை வேலைக்குச் சாலையும் ஆட்களும் வந்தால் மிச்சமும் தப்பாது என்றனர் எதிர்த்தவர்கள்.

போராட்டத்தின் முகமாகச் சிங்கவால் குரங்கு அறியப்பட்டது. வெடிப்பலாவின் கனிகளை உண்டு, கிளைவிட்டுக் கிளை தாவி வாழும் இவ்விலங்கு தரையில் இறங்குவது அரிது. காடு துண்டுபட்டால் அதன் வழியும் துண்டுபடும். எனினும் எதிர்ப்பின் வலு குரங்கால் மட்டும் வந்ததன்று. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் உயிரியல், பொறியியல், பொருளியல் அறிந்தவர்களைக் கூட்டித் திட்டத்தையே கணக்குப் பார்த்தது. மலபாரின் மின்தேவைக்கு வேறு வழிகள் உண்டென வாதிட்டது. கவிஞர் சுகதகுமாரி முதலானோர் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றனர். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், அப்போது நடுவண் வேளாண் துறைச் செயலர், தமிழ்நாட்டின் குந்தா காடுகளையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக்கப் பரிந்துரைத்தார்.

1980 டிசம்பரில் மாநில அரசு ஒரு விசித்திர சமரசம் செய்தது: திட்டப் பகுதியை மட்டும் விலக்கிவிட்டு மற்றதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நடுப்பகுதி இல்லாத அந்தப் பூங்கா யாரையும் நிறைவு செய்யவில்லை. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15இல் பள்ளத்தாக்கு முழுவதும் தேசியப் பூங்காவாயிற்று. இம்முடிவுக்குத் துணைநின்ற இந்திரா காந்தி அதற்கு இரு வாரங்களுக்கு முன் கொல்லப்பட்டிருந்தார். 1985 செப்டம்பர் 7இல் ராஜீவ் காந்தி பூங்காவைத் திறந்துவைத்தார். 1986இல் இது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் சேர்ந்தது.

அணைக் கனவு அத்துடன் ஓயவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு மின்திட்டம் முன்வைக்கப்பட்டது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் இடைத்தாங்கு மண்டலத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் இப்பூங்காவும் ஒன்று.