அல்லிக்கு முத்துக்கடல் தந்த கரை

மன்னாரின் அடம்பன் வயல்களுக்கு நீர் தரும் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புவது அருவியாறு. அந்த ஆறு கடலில் சேரும் பகுதிக்கு அருகே, அரிப்பில், கரைமேட்டின் விளிம்பில் இடிந்து நிற்கிறது ஒரு கட்டடம். ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். கோட்டையாக அது ஒருநாளும் இருந்ததில்லை. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. இவ்வளவு தெளிவான வரலாறு இருந்தும், அது அல்லி என்ற அரசியின் கோட்டை என்ற கதை அசையவில்லை. ஊராரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஒரு கற்பனை நாட்டுக்கு வேண்டியவற்றையெல்லாம் அந்த நிலமே கொடுத்துவிட்டது என்பதே என் வாதம்.

புகழேந்தியின் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அல்லி மதுரையை ஆள்பவள், ஆண்களை அண்டவிடாதவள், அருச்சுனன் சூழ்ச்சி செய்துதான் அவளை மணக்கிறான். மன்னார்க் கரையில் அவளே குதிரைமலையிலிருந்து முத்துக்கடலை ஆண்ட அரசி ஆகிவிடுகிறாள். குதிரைமலையில் செம்மண் மேடு கடலோரம் சுவர்போல எழுகிறது. அதற்கு வடக்கே கடலடியில் சிப்பி விளையும் பார்கள் எனும் பாறைத்திட்டுகள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சில ஆண்டுகளில் சிப்பி குவிந்தது. பிறகு பல ஆண்டுகள் சலாபம் எனும் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் பிறந்து, சொல்லாமல் மறையும் அந்தச் செல்வத்துக்கு ஓர் உடைமைக்காரி தேவைப்பட்டாள். அவளுடைய அரண்மனையைக் கடல் கொண்டது என்ற கதைப் பகுதியும் கரையை அரித்துத் தின்னும் அலையிலிருந்தே முளைத்திருக்க வேண்டும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக்கி, தெய்வத்தையும் தொழிலையும் கருப்பொருளாக அதன்பின் வைத்த தொல்காப்பியத்தின் வரிசை இங்கே அப்படியே பொருந்துகிறது.

கதை தமிழகக் கரையிலிருந்து வந்ததுதானே, நிலம் புதிதாக என்ன செய்தது என்று கேட்கலாம். வந்த கதை வந்தபடியே இருக்கவில்லை என்பதே விடை. மதுரை அரசிக்கு முத்தும் கடலும் இந்தக் கரையில்தான் கிடைத்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளும் மணல்திட்டுகளைப் பாருங்கள்: இராமன் கட்டிய அணை என்றனர் ஒரு சாரார், ஆதாம் நடந்த பாதை என்றனர் இன்னொரு சாரார். இரண்டு கதைகளுமே வெளியிலிருந்து வந்தவைதாம். கடலுக்குக் குறுக்கே கிடக்கும் அந்தத் தொடர் இல்லாவிட்டால் இரண்டுக்கும் இங்கே கால் ஊன்ற இடமிருந்திருக்காது. தனி எழுத்தாளருக்கும் இதே நியாயம்தான்: 1911இல் டோல்கீன் நடந்து பார்த்த சுவிட்சர்லாந்துப் பள்ளத்தாக்குதான் அவருடைய கதைகளில் வரும் ரிவெண்டெல் என்ற கற்பனைப் பள்ளத்தாக்குக்கு வடிவம் தந்தது.

அரிப்பு மாளிகையின் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. கடலரிப்பு இன்னும் நிற்கவில்லை. மிச்சத்தைக் காக்க முன்வருபவர்கள் அங்கே நோர்த்தின் பெயரோடு அல்லியின் பெயரையும் எழுதிவைக்கட்டும்.