பண்டைக் கிரேக்க ஆய்வுக்கு அரபு மொழி என்னும் வாயில்

அரபுக் கல்லூரிகளில் மன்திக் எனும் தர்க்கக் கலையைத் தொடங்கும் மாணவர்கள் ஓதும் ஆரம்ப நூல்களுள் ஒன்று 'ஈஸாகூஜி'. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்-அப்ஹரீ அவர்கள் இயற்றிய சிறு நூல் அது. ஈஸாகூஜி என்பது அரபுச் சொல் அன்று. 'அறிமுகம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அரபு உச்சரிப்பே அது. இன்றைய லெபனானிலுள்ள ஸூர் நகரத்தவரான போர்ஃபிரி என்னும் அறிஞர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களுக்கு முன்னுரையாகக் கிரேக்க மொழியில் எழுதிய நூலுக்கும் இதுவே பெயர். ஆக, ஒரு மவ்லவி தம் ஓதல் நாள்களிலேயே, அறிந்தோ அறியாமலோ, கிரேக்கச் செவ்வியல் உலகின் வாயிற்படியில் நின்றுவிடுகிறார். அவ்வாயிலைக் கடந்து உள்ளே செல்ல இயலுமா, சென்றால் அவருக்கு அங்கு என்ன பணி இருக்கிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கிளாசிக்ஸ்' என்னும் பெயரால் வழங்கும் துறை, பண்டைக் கிரேக்க, ரோமானிய மக்களின் மொழி, இலக்கியம், தத்துவம், வரலாறு ஆகியவற்றை ஆராய்வது. அதில் முனைவர் பட்டம் நாடுவோர் கிரேக்கமும் லத்தீனும் திறம்படக் கற்றிருக்க வேண்டும். முன்னோர் ஆய்வுகளைப் படிக்க ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் வாசிப்புத் திறனும் எதிர்பார்க்கப்படும். அதன்பின்னரே ஒரு நூலையோ, கல்வெட்டையோ, பாப்பிரஸ் ஆவணத்தையோ தெரிவு செய்து ஆய்வில் இறங்குவர். இப்பாடத்திட்டத்தில் அரபுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. அரபு 'கீழைத்தேய மொழிகள்' என்னும் வேறு துறையில் வைக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகங்கள் வகுத்துக்கொண்ட இந்தப் பிரிவினை அறிவின் வரலாற்றோடு பொருந்தவில்லை. கிரேக்க மூலம் அழிந்து, அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே எஞ்சியுள்ள கிரேக்க நூல்கள் பல உள்ளன என்பதே அதற்குப் போதிய சான்று.

பெர்கமோன் நகரத்து மருத்துவ மேதை கேலனை நம்மவர் ஜாலீனூஸ் என்பர். அறுவைமுறையில் உடற்கூறு ஆராய்வது பற்றி அவர் எழுதிய பெருநூல் பதினைந்து பாகங்கள் கொண்டது. கிரேக்கத்தில் ஒன்பதாம் பாகத்தின் ஒரு பகுதியோடு அது நின்றுவிடுகிறது. எஞ்சிய பாகங்களை அரபிலிருந்தே 1906இல் மாக்ஸ் சீமோன் பதிப்பித்து ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அப்போலோனியஸின் 'கூம்பு வெட்டுகள்' என்னும் கணித நூலின் எட்டுப் பாகங்களில் முதல் நான்கு மட்டுமே கிரேக்கத்தில் உள்ளன. ஐந்து முதல் ஏழு வரையிலான பாகங்கள் ஸாபித் இப்னு குர்ராவின் அரபு மொழிபெயர்ப்பால் பிழைத்தன. எட்டாம் பாகம் மறைந்தே போயிற்று. வால்மீனுக்குத் தம் பெயரை ஈந்த எட்மண்ட் ஹாலி 1710இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்நூலை வெளியிட்டபோது அந்த மூன்று பாகங்களையும் அரபிலிருந்தே லத்தீனுக்குக் கொணர்ந்தார். தியோஃபான்டஸின் எண்கணித நூலிலும் நிலை இதுவே. கிரேக்கத்தில் ஆறு பாகங்களே எஞ்சியிருக்க, மேலும் நான்கு பாகங்கள் குஸ்தா இப்னு லூக்காவின் மொழிபெயர்ப்பாக ஈரானின் மஷ்ஹத் நகர நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1982இல் அச்சேறின.

கிரேக்க மூலம் கைவசம் உள்ள நூல்களுக்கும் அரபு உதவுகிறது. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலை ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் சுர்யானி மொழி வழியாக அரபாக்கினார். கிரேக்க நாடகக் கலையை அவர் கண்டவர் அல்லர். எனவே துன்பியல் நாடகத்தைப் புகழ்ப்பா எனப் பொருள்படும் 'மதீஹ்' என்றும், இன்பியல் நாடகத்தை வசைப்பா எனப் பொருள்படும் 'ஹிஜா' என்றும் பெயர்த்தார். இது கண்டு நகைத்தோர் உண்டு. ஆயினும் அவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான கிரேக்கப் பிரதியோ, இன்றுள்ள கிரேக்கப் பிரதிகளைவிடப் பழமையானது. நூலின் தொடக்கத்தில், இசையின்றிச் சொற்களை மட்டும் கையாளும் கலையைப் பற்றிய வாக்கியம் கிரேக்கப் பிரதிகளில் குறைபட்டு நின்றது. 'பெயரற்றது' என்னும் சொல் அங்கு விடுபட்டிருக்க வேண்டுமென 19ஆம் நூற்றாண்டில் யாகோப் பெர்னைஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஊகித்தார். அபூ பிஷ்ரின் அரபு வாசகத்தை நோக்கியபோது, அதற்கு இதுவரை பெயரில்லை என்னும் பொருளுடைய தொடர் அவ்விடத்தில் அப்படியே இருந்தது. 2012இல் வெளிவந்த தாரான், குத்தாஸ் ஆகியோரின் கவிதையியல் பதிப்பு, அரபுச் சான்றையும் உடன் வைத்தே கிரேக்க வாசகத்தைச் சீர்செய்தது.

இம்மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வாறு உழைத்தனர் என்பதை அவர்களுள் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 809–873) தாமே எழுதி வைத்துள்ளார். அல்-ஹீரா நகரில் பிறந்த கிறிஸ்தவர் அவர். அலீ இப்னு யஹ்யா என்பாருக்கு வரைந்த ரிஸாலாவில் கேலனின் 129 நூல்களை வரிசைப்படுத்தி, எதை யார், யாருக்காக, எத்தகைய பிரதியிலிருந்து மொழிபெயர்த்தார் என்று குறிப்பிடுகிறார். மருத்துவப் பிரிவுகள் பற்றிய நூலை இருபது வயதளவில் பிழை மலிந்த ஒரே பிரதியிலிருந்து பெயர்த்ததாகவும், நாற்பது வயதளவில் மாணவர் ஹுபைஷ் திருத்தித் தரக் கேட்டபோது பல கிரேக்கப் பிரதிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் செம்மையான ஒரு பிரதியை அமைத்து, அதன்பின்னரே மொழிபெயர்ப்பைச் சரிபார்த்ததாகவும் உரைக்கிறார். கேலனின் 'புர்ஹான்' என்னும் நூலைத் தேடி ஜஸீரா, ஷாம், ஃபலஸ்தீன், மிஸ்ர் எனச் சுற்றி அலெக்சாந்திரியா வரை சென்றும், திமிஷ்கில் ஏறத்தாழப் பாதி மட்டுமே கிடைத்ததாம். அந்நூலின் கிரேக்க மூலம் இன்று இல்லை. ஹுனைனின் ரிஸாலாவை 1925இல் பதிப்பித்து உலகறியச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் பெர்க்ஷ்ட்ரேஸர்.

இலக்கியமும் தத்துவமும் மட்டுமன்றி, பண்டை வரலாற்றுத் துறையிலும் அரபுக்கு இடம் உண்டு. வியன்னா நூலகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு ஹிஜ்ரி 22ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 643இல் எழுதப்பட்டது. தேதியிடப்பட்ட அரபு ஆவணங்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றான இதில், எகிப்தின் அஹ்னாஸ் பகுதியிலிருந்து படைக்காக 65 ஆடுகள் பெற்றதற்கான ரசீது கிரேக்கத்திலும் அரபியிலும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. உமைய்யா ஆட்சியில் எகிப்தின் ஆளுநராயிருந்த குர்ரா இப்னு ஷரீக்கின் கடிதங்களும் இரு மொழிகளிலும் கிடைத்துள்ளன. ஆட்சி மாறிய பின்னும் கிரேக்க எழுத்தர்கள் தம் பணியைத் தொடர்ந்தனர் என்பதற்கு இவை சான்று. பீட்டர் பிரவுன் 1971இல் வெளியிட்ட நூல், பண்டைய உலகின் பிற்காலத்தைக் கி.பி. 750 வரை நீட்டிக் காட்டியது. அது முதல், இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டைப் பண்டை வரலாற்றின் தொடர்ச்சியாகக் காண்போர் பெருகினர். கிரேக்கம் மட்டும் அறிந்தவர் அந்த ஆட்டு ரசீதின் ஒரு பாதியையே படிக்க இயலும். அரபு மட்டும் அறிந்தவருக்கும் மறு பாதியே வாய்க்கும்.

இவ்விடத்தில் நம்மிடையே வழங்கும் ஒரு கூற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது தகும். 'கிரேக்க அறிவை ஐரோப்பாவுக்கு வழங்கியவர்கள் நாமே' என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதில் உண்மை உண்டு. எனினும் மொழிபெயர்த்தவர்களுள் பெரும்பாலோர் சுர்யானிக் கிறிஸ்தவர்கள்; ஸாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்து ஸாபியர். கலீஃபா மஃமூன் நிறுவிய 'பைத்துல் ஹிக்மா'வே எல்லாவற்றையும் மொழிபெயர்த்தது என்பர். ஆனால் ஹுனைனின் ரிஸாலாவில் அதன் பெயரே இல்லை என்பதைத் திமித்ரி குத்தாஸ் எடுத்துக்காட்டியுள்ளார். அங்கே காணப்படும் புரவலர்கள் பனூ மூஸா சகோதரர்களும், மருத்துவர்களும், அரசவைப் பெருமக்களுமே. முஸ்லிம் சமுதாயத்தின் பெருமை இதனால் குறைவதில்லை. பிற சமயத்தாரின் புலமையை மதித்து, பொருள் ஈந்து, அவர்தம் நூல்களைப் பொதுச்சொத்தாக்கிய நாகரிகம் அது. மேலைநாட்டார் சிலர் கூறுவதுபோல் அரபு உலகம் கிரேக்க நூல்களைப் பூட்டி வைத்திருந்த வெறும் களஞ்சியமும் அன்று. ராஸீ (இறப்பு கி.பி. 925) ஜாலீனூஸ் மீதும், இப்னுல் ஹைஸம் தாலமி மீதும் ஐயங்களை எழுப்பித் தனி நூல்களே இயற்றினர். வாங்கியதைச் சோதித்து ஏற்றவர்கள் அவர்கள்.

அப்பெருமை இன்று நம்மீது சுமத்தும் கடமை யாது? மேலே குறித்த பதிப்புகளை மீண்டும் எண்ணிப் பார்த்தால், அவற்றுக்கு உழைத்தோர் பெரிதும் ஐரோப்பியரே என்பது விளங்கும். நம் நாட்டிலும் அதற்கான செல்வம் இல்லாமலில்லை. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்திலுள்ள ஒரு கணிதச் சுவடியில், ஒன்றையொன்று தொடும் வட்டங்கள் பற்றி ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் ஒரு நூல் இருந்தது. அதன் கிரேக்க மூலம் எங்கும் இல்லை. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1940களில் அதை அச்சிட்டது. பின்னர் 1975இல் ஜெர்மனியில் ஆர்க்கிமிடீஸ் நூல்தொகுதியின் ஒரு பகுதியாக அது ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. இந்தியச் சுவடி ஒன்று கிரேக்கச் செவ்வியலின் நடுக்கூடத்தில் இடம்பெற்றதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நம் மாணவர்களிடம் ஏற்கெனவே உள்ள தகுதிகளை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்றே கருதுகிறோம். பழைய அரபு நடையை இளமையிலேயே வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். மன்திக்கின் கலைச்சொற்கள் அவர்களுக்கு மனப்பாடம். உஸூலுல் ஹதீஸில் பிரதிகளை ஒப்பிடும் முகாபலாவையும், புள்ளி மாறிச் சொல் பிறழும் தஸ்ஹீஃபையும் கற்றிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் லாக்மன் 19ஆம் நூற்றாண்டில் வகுத்ததாகச் சொல்லப்படும் பிரதி ஆய்வு முறை, பிரதிகளிடையே பொதுவாகக் காணும் பிழைகளைக்கொண்டு அவற்றின் வம்சாவளியை வரைவது. ஸனது நபர்களின் பெயரால் தொடர்வது. இதுவோ பிழைகளின் வழியே ஊகிக்கப்படுவது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், ஒரு வாசகம் எவர் கைவழியே, எவ்வளவு பத்திரமாக வந்தது என்று கேட்கும் மனப்பழக்கம் இரண்டுக்கும் பொது. ஐரோப்பிய மாணவர் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே தொடங்கும் அரபை நம் மாணவர் சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறார். அவரிடம் இல்லாதது கிரேக்கம் ஒன்றே.

அக்குறையை நீக்க வழிகள் உள்ளன. நம் நாட்டுக் கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கப்படுகிறது. ஹுனைனின் வரலாற்றை அறிந்தவர் அங்கு சென்று கற்கத் தயங்கமாட்டார். கிரேக்கச் சொற்களுக்கு நேராக அரபு மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட சொற்களைத் தொகுக்கும் பேரகராதி ஒன்று எண்ட்ரெஸ், குத்தாஸ் ஆகியோரின் முயற்சியால் 1992 முதல் பகுதி பகுதியாக லைடன் நகரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அரபு முதுகலை மாணவர்களுக்குப் பழகிப்போன தலைப்புகளையே மீண்டும் மீண்டும் ஆய்வுப் பொருளாக வழங்குவதை விடுத்து, ஒரு சிறு மொழிபெயர்ப்பு நூலின் சில பக்கங்களைக் கிரேக்கத்தோடு ஒப்பிடும் பணியை ஆசிரியர்களாகிய நாம் தரலாம். ஆண்டுக்கு ஒரு மாணவர் முன்வந்தாலும் போதும். நம் அரபுக் கல்லூரிகளின் நிர்வாகிகள் அவருக்கு இரண்டாண்டு உதவித்தொகை அளிக்க முன்வருவார்களாயின், பனூ மூஸா செய்த பணியின் ஒரு சிறு பங்கு அவர்களுக்கும் கிட்டும்.