நான்காம் இடமும் நாலு விரற்கடையும்

நான் பட்டம் வாங்கிப் படித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்பு தேடித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கல்வெட்டுக் கட்டுரைதான் எதிர்பார்த்தார்கள். தலைப்பைக் கேட்டதும் ஒருவர், "என்ன நயினாரே, ஓட்டப் பந்தயத்திலே இறங்கிட்டீரு?" என்று சிரித்தார். அளவு பற்றிய விஷயம் என்பதால் இறங்கினேன். துணி அளக்கிறவனுக்கு அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு அல்லவா?

முதலில் ஊர்க் கதையைச் சொல்லி விடுகிறேன். கேரளத்தில் விளையாட்டுக்கு அடித்தளம் போட்டவர் கர்னல் கோதவர்ம ராஜா. பூஞ்ஞாறில் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டவர். மாநில விளையாட்டுக் கவுன்சிலை உருவாக்கி நடத்திய அவர் 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாளே கேரளத்தின் விளையாட்டு நாள். அருவிக்கரைக்கு அருகே மைலத்தில் உள்ள விளையாட்டுப் பள்ளியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் விதைத்தது 1970-களில் முளைத்தது. 1974-இல் தெஹ்ரான் ஆசியப் போட்டியில் டி. சி. யோகன்னான் 8.07 மீட்டர் நீளம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியாவில் அதுவரை எவரும் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை. 1978-இல் பாங்காக்கில் கொல்லத்துக்காரரான சுரேஷ் பாபு அதே நீளம் தாண்டலில் தங்கம் பெற்றார். 1976-இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது, அங்கே சேர்ந்த சிறுமிகளில் ஒருவர் பி. டி. உஷா. விமானப் படையில் இருந்து வந்த ஓ. எம். நம்பியார் அவரைக் கண்டெடுத்துப் பயிற்சி கொடுத்தார்.

1984 ஆகஸ்ட் 8. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். அரையிறுதியில் 55.54 வினாடியில் முதலாவதாக வந்த உஷா, இறுதியில் 55.42 வினாடியில் ஓடினார். மொராக்கோவின் நவால் எல் முதவாக்கில் தங்கம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் வெள்ளி. வெண்கலம் ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவுக்கு; அவர் நேரம் 55.41. உஷாவுக்கு நான்காம் இடம். வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு!

மறுநாள் காலை வானொலியில் செய்தி கேட்டுக் கடைத்தெருவே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. அன்று கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டரை 55.42 வினாடியில் ஓடினால் வினாடிக்கு 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 7.2 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய நாலு விரற்கடை. எங்கள் கடையில் துணி கிழிக்கும்போது, வாடிக்கைக்காரர் மனம் கோணாமல் இருக்க அளவுக்கு மேல் விட்டுக் கொடுப்பதும் அதே நாலு விரல்தான். நாங்கள் இனாமாகக் கொடுப்பது அங்கே ஒரு பதக்கத்தின் விலை.

அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: நான்காம் இடம் என்றால் நஷ்டம், ஏட்டில் எழுதாத வரவு. வெகு காலம் அப்படியே நம்பியிருந்தேன். வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தப்பு என்று தெரிந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங்கும் நான்காமவர்தான். ஆனால் அன்று அவர் ஓடிய நேரமே இந்தியச் சாதனையாக 1998 வரை, 38 ஆண்டுகள் நின்றது. இங்கிருந்து போன அஞ்சு பாபி ஜார்ஜின் கதை இன்னும் விசித்திரம். 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். தடகளத்தில் உலகப் போட்டிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டி ஆறாம் இடம் பெற்றார். ஊக்க மருந்து விவகாரத்தில் மரியன் ஜோன்ஸின் முடிவுகள் பிற்பாடு ரத்தானபோது ஆறு ஐந்தாகியது. இடம் மாறியது, 6.83 என்ற அளவு மாறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தேசியச் சாதனையாக நின்றதும் அந்த அளவுதான். இடம் என்பது அன்றைக்குக் கூட ஓடியவர்களைப் பொறுத்தது. அளவு ஓடியவருக்கே சொந்தம். பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே கோல்.

உஷாவின் கோல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் நமக்குப் பெருமையான செய்தி. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டியில், கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் ஓடிய நேரம் அதே 55.42. 39 வருஷம் கழித்து, உஷா ஓடிய நாளில் பிறந்தே இராத ஒரு தமிழ்ப் பெண், மலையாளப் பெண் விட்டுச் சென்ற அளவை இம்மி பிசகாமல் தொட்டாள். மறுநாள் இறுதியில் 55.68 வினாடியில் ஓடி வெண்கலமும் பெற்றாள்.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2002 வாக்கில் என் மகள் பள்ளிப் போட்டியில், இங்கே யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில், 400 மீட்டர் ஓடி நாலாவதாக வந்தாள். அடுத்த வருஷமும் ஓடுகிறேன் என்றாள். நான்தான், "நாலாவதா வந்தா யாரும்மா சோறு போடுவாங்க? கணக்குப் பாடத்தைப் பாரு" என்று நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதே கண்ணெதிரே இருந்தது. உஷா தெற்கு ரயில்வேயிலும், அவரோடு லாஸ் ஏஞ்சல்ஸில் ஓடிய ஷைனி வில்சன் சென்னையில் இந்திய உணவுக் கழகத்திலும் அதிகாரிகளாகப் பணியாற்றியவர்கள். ஷைனி 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நம் கொடியை ஏந்திச் சென்றவர். நான் தெரிந்துகொள்ள முயலவில்லை, அவ்வளவுதான்.

வித்யா ஓடிய அன்று மகள் போன் செய்தாள். "அப்பா, நம்ம கோயம்புத்தூர்ப் பொண்ணு உஷா டைமைத் தொட்டுட்டா" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு என்னவோ கேட்கத் தோன்றியது: "அன்னைக்கு உன் டைம் எவ்வளவும்மா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியாதுப்பா. முதல் மூணு பேருக்குத்தான் குறிச்சாங்க" என்றாள்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறோம். மூன்று பேருக்குக் கோப்பை தருகிறோம். அதில் குறை இல்லை. ஆனால் இனிமேல் ஓடுகிற பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நோட்டும் கடிகாரமும் என் செலவு. அடுத்த வருஷம் கோட்டில் வந்து நிற்கும் பிள்ளைக்குத் தான் போன வருஷம் எவ்வளவில் ஓடினோம் என்று தெரிந்திருக்கட்டும்.