காம்பராவும் இஸ்தோப்பும்

1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி நசித்து, தேயிலை இலங்கை மலையகமெங்கும் வியாபித்த காலத்தில், ராகலைத் தோட்டங்களில் எழுந்த லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகளின் அமைப்பில் குடியிருப்போரின் அபிப்பிராயத்துக்குக் கிஞ்சித்தும் இடமிருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் காம்பரா எனும் ஒரே அறை, முன்னே இஸ்தோப்பு எனும் திறந்த முன்கூடம். இரட்டை லயமாயின், முதுகோடு முதுகொட்டி நின்ற மறுவரிசையால் பின்பக்கம் ஜன்னலுக்கும் வழியில்லை. ஆயினும், மகனுக்கு விவாகமானதும் இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து அறையாக்கி, அங்கிருந்த அடுப்பைப் புறத்தே இறக்கிய சிறு தாழ்வாரத்துக்கு நகர்த்தி, அதன்மேல் ஈரவிறகு உலரப் பரணும் கட்டிக்கொண்டவர்கள் நம்மவர். இதேபோல் பக்கச்சுவர் வெளியே நகர்ந்து அறை விசாலிக்கும் பிரயாண வண்டிகளை மேனாட்டார் சிலாகிக்கின்றனர், சிலாகிக்கட்டும். அவர்களுக்கு வண்டியேனும் சொந்தம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், தாம் நீட்டிய அறை நின்ற நிலத்துக்கு உரிமைப்பத்திரம் இவர்களிற் பலருக்குக் கிட்டவில்லை.